அடைமழைக்கு முன் வீட்டைத் தயார் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் இந்தப் பேச்சும் தொடங்கிவிடும். நாங்கள் இருப்பது தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றின் பக்கத்தில். 2015 டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது எங்கள் தரைத்தளத்தில் ஜன்னல் விளிம்பு வரை தண்ணீர் ஏறியது. மூன்று இரவுகள் மாடி அறையில் நாலு குடும்பங்கள் ஒன்றாகக் கிடந்தோம். அதிலிருந்து தெருக்காரர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டு வரும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பாதி நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. மற்றதில் நிறைய, பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தவை. அவர் 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்து சேர்ந்தவர்.

புயலா, வெள்ளமா, பூகம்பமா? எது வரும் என்று தெரியாமல் எதற்குத் தயாராவது?

எனக்கும் முதலில் இந்தக் குழப்பம் இருந்தது. அக்காதான் தெளிவாக்கினார். "எது வந்தாலும் நிற்கிறது ஒரே சாமான்கள்தானே" என்றார். உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். கரண்ட் நிற்கும். கரண்ட் நின்றால் மோட்டார் ஓடாது, அதனால் தண்ணீர் நிற்கும். டவர் விழுந்தால் போனும் அதோடு பணமும் நிற்கும். சாலை அறுந்தால் பாலும் மருந்தும் கேஸும் நிற்கும். 2016 வர்தா புயலிலும் 2018 கஜா புயலிலும் 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்திலும் இதே வரிசைதான். காரணம் வேறு வேறாக இருந்தாலும் வீட்டுக்குள் நடந்தது ஒன்றே. ஒரு தாளில் இவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் நின்றால் நம் வீட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று எதிரே எண் போடுங்கள். எண் எங்கே சிறியதோ அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.

எத்தனை நாளுக்குச் சேர்த்து வைக்க வேண்டும்?

வெளியிலிருந்து யாருமே வர முடியாத நாட்கள் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயிலில் சிக்கிய சுமார் 800 பேரில் பலர் ஏறக்குறைய இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்கள். ராணுவமும் ஹெலிகாப்டரும் இருந்தும் அப்படித்தான் ஆனது. அதனால் அடுப்பு மூட்டாமல், கடைக்குப் போகாமல் மூன்று நாள் ஓட வேண்டும்.

அதற்கு மேல் இரண்டு வாரம். கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த இரண்டு வாரத்துக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடும் சாமானையே கொஞ்சம் முன்கூட்டி வாங்கி வைத்தால் போதும்.

தண்ணீர் எவ்வளவு? கேன் வாங்கி அடுக்கினால் போதுமா?

இதைத்தான் நிறையப் பேர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது இரண்டு கேனும் ஒரு குடமும். கழிப்பறைக்கும் கை கால் கழுவவும் இது போதாது. அதற்குத் தனிக்கணக்கு.

2015இல் எங்கள் கட்டடத்தில் நடந்தது இது. மோட்டார் நின்றதும் மேல்தொட்டி ஒன்றரை நாளில் காலி. சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிட்டது. கேன்காரர் வர வழியில்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. மொட்டைமாடியில் வேட்டியை விரித்துக் கட்டி மழைநீரைப் பிடித்துக் காய்ச்சிக் குடித்தோம்.

இப்போது ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததுமே தொட்டியை நிரப்பி, பக்கெட், குக்கர், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிடுகிறோம். நிறைந்த தொட்டியால் இன்னொரு நன்மையும் உண்டு. காலி பிளாஸ்டிக் தொட்டியைப் புயல்காற்று தூக்கி எறிந்துவிடும், தண்ணீர் இருந்தால் அசையாது. சம்ப் மூடியின் விளிம்பைப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடைத்தோம். முழுக்கத் தடுக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிறையக் குறைகிறது.

காய்ச்சும்போது நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிக்குப் போதும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். கேஸை மிச்சப்படுத்த வேண்டுமானால் கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரை, அட்டையில் போட்டிருக்கும் அளவில்.

சாப்பாட்டுக்கு என்ன வைப்பது? டப்பா உணவு வாங்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். நம் சமையலறையைப் போலப் பஞ்சத்துக்கும் மழைக்கும் பழகிய சமையலறை வேறெங்கும் இருக்காது என்று நான் நம்புகிறேன். அவலைத் தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு, அடுப்பே தேவையில்லை. பொரி, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, சத்துமாவு, பேரீச்சை, எள்ளுருண்டை எல்லாமே அப்படித்தான். ராத்திரி சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் பழையது. கேஸும் மிச்சம், வயிற்றுக்கும் குளிர்ச்சி. ஊற்றுவது மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

இரண்டு வாரக் கணக்கில் பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி. நாலு பேருக்கு 22 கிலோ வரும், ஒரு சிப்பத்துக்குள் அடங்கிவிடும். துவரம்பருப்பும் பாசிப்பருப்புமாக மூன்று கிலோ, எண்ணெய், புளி, உப்பு, மிளகாய், வற்றல், வடகம், ஊறுகாய். மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் கருவாடு. அரிசியில் காய்ந்த வேப்பிலையும் வரமிளகாயும் போட்டு வைத்தால் வண்டு அண்டாது. பழைய மூட்டையை முன்னால் வைத்துப் புதியதைப் பின்னால் தள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூக்கிப்போடும் நிலை வராது.

அக்கா வீட்டில் புழுக்கொடியலும் பனங்கட்டியும் எப்போதும் இருக்கும். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை மாவாக்கிக் கூழும் பிட்டும் செய்வார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரவிடாமல் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் பனைமரம்தான் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும்.

சமைக்க?

இண்டக்‌ஷன் அடுப்பை நம்பியிருக்க வேண்டாம். இரண்டாவது சிலிண்டர் நிறைந்திருக்கட்டும். வெள்ளம் ஏறுகிறது என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டுச் சிலிண்டரை மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மிதந்து போய்விடும். கேஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. மூன்று செங்கல், காய்ந்த தென்னை மட்டை, ஒரு பொட்டலம் தீப்பெட்டி (பிளாஸ்டிக்கில் சுற்றி) மாடியில் இருந்தால் கடைசித் துணை. விறகடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் வரும்?

150 ஆம்பியர்-அவர் பேட்டரி 12 வோல்ட்டில் 1800 வாட்-மணி. நடைமுறையில் 1250 கிடைத்தால் நல்லது. பழைய ஃபேன் 75 வாட், இரண்டு எல்இடி பல்பு 18 வாட் என்றால் பதிமூன்று மணி நேரம். ஃபேனைக் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி வகையாக மாற்றினால் அதே பேட்டரி ஒரு நாளைத் தாண்டும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு. பேட்டரி தரையில் இருந்தால் முதலில் மூழ்குவதும் அதுதான், ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். டார்ச், பவர் பேங்க், செல் போட்ட சின்ன ரேடியோ போதும். அக்காவிடமிருந்து கற்ற இன்னொன்று ஜாம் போத்தல் விளக்கு. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வருஷக்கணக்கில் மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெயும் அளந்துதான். சின்ன ஜாம் போத்தலில் பஞ்சு போட்டு, கொஞ்சமாக எண்ணெய் விட்டு, மெல்லிய திரி ஏற்றுவார்கள். அதில் படித்துத்தான் ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. பேட்டரி கிடைக்காததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டிருக்கிறார்கள்.

போன் வேலை செய்யாவிட்டால்?

பேச்சு இணைப்பு கிடைக்காத நேரத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். வெளியூரில் ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ குடும்பத்தின் தகவல் நிலையமாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குள் ஒருவரை ஒருவர் தேடுவதைவிட எல்லோரும் மதுரைக்கு ஒரு செய்தி அனுப்புவது எளிது. அவர் எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மற்ற எண்கள் தாளில்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, மின்வாரியம் 94987 94987. இலங்கையில் இருப்பவர்களுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.

பணம்?

நோட்டாக, சில்லறையாக. வர்தா வந்தது பணமதிப்பிழப்பு அறிவித்த ஐந்தாவது வாரம். ஏடிஎம்மில் பணமில்லை, கரண்ட் இல்லாததால் கார்டு மெஷினும் இல்லை. இன்று யுபிஐயும் டவரை நம்பித்தான் இருக்கிறது. பத்து, இருபது, ஐம்பது, நூறாக உங்களால் முடிந்ததை வையுங்கள். 2015இல் ஒரு லிட்டர் பால் நூறு ரூபாய்க்குப் போனது. ஐநூறை நீட்டியவருக்குச் சில்லறை கிடைக்காமல் ஐந்து பாக்கெட் வாங்கினார். பின்னால் நின்றவருக்கு இல்லை.

பத்திரம், ரேஷன் கார்டு, சான்றிதழ்கள்?

ஜிப் உறையில் போட்டு, அதை மூடியிறுக்கும் டப்பாவில் போட்டு, பரணில். பீரோவின் கீழ்த்தட்டில் வேண்டாம். எங்கள் வீட்டுப் பத்திரம் அங்கேதான் ஊறிக் கூழாகியது. அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் இருக்கட்டும். எல்லாவற்றின் படமும் வெளியூர் உறவினர் ஒருவரிடம் இருக்கட்டும். கல்யாண ஆல்பத்தையும் மேலே ஏற்றிவிடுங்கள். பத்திரத்தின் நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்கிவிடலாம், அம்மாவின் கல்யாணப் படத்தை வாங்க முடியாது.

வயதானவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் என்ன செய்வது?

இவர்களைக் கடைசி நேரத்தில் நகர்த்தக் கூடாது. டயாலிசிஸ் செய்பவர்கள், ஆக்ஸிஜன் கருவியை நம்பியிருப்பவர்கள், பிரசவ தேதி நெருங்கியவர்கள் எல்லோரும் எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனைக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும். அங்கன்வாடி அக்காவிடமோ கிராம செவிலியரிடமோ பெயர் கொடுத்து வையுங்கள், புயல் நேரத்தில் கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது.

சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரம் கூடுதலாக. மாத்திரைச் சீட்டின் நகலும் வேண்டும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜ் நின்றதும் பயந்துபோகிறார்கள். திறந்த குப்பி மிதமான அறைச் சூட்டில் பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும், வெயிலில் வைக்காமல் இருந்தால் சரி. பெரிய மண்சட்டிக்குள் மணல் போட்டு நனைத்து, நடுவில் சின்ன மண்சட்டி வைத்து, அதற்குள் குப்பியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். மழைக்காலத்தின் ஈரக்காற்றில் குளிர்ச்சி குறைவுதான், ஆனால் புயலுக்குப் பிறகு அடிக்கும் வெயிலில் நன்றாக உதவும்.

புயல் நின்றுவிட்டது போலிருந்தால் வெளியே போகலாமா?

கூடாது. கண் பகுதி தலைக்கு மேல் கடக்கும்போது காற்று சட்டென்று ஓய்ந்துவிடும். அரை மணியோ ஒரு மணியோ கழித்து எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும். அந்த இடைவெளியில் மாட்டைப் பார்க்கவோ ஓட்டைச் சரிசெய்யவோ போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டுக்கு நீங்கள் செய்ய வேண்டியது முந்தின நாளே கயிற்றை அவிழ்த்துவிடுவது. கட்டிப்போட்ட மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும், அவிழ்த்த மாடு மேட்டைத் தேடிக்கொள்ளும்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒன்று. கடல் உள்வாங்கினால் பார்க்கப் போகாதீர்கள், ஓடுங்கள். 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். முதல் அலை போனதும் திரும்பி வராதீர்கள், பின்னால் வரும் அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

வெள்ளத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாமா?

அரையடி ஓடும் நீர் ஆளைத் தள்ளிவிடும், இரண்டடி நீர் காரை மிதக்கவிடும். சுரங்கப்பாதைப் பக்கமே போகாதீர்கள். நடந்துதான் ஆக வேண்டுமென்றால் கையில் ஒரு கம்பு. திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழி தண்ணீருக்கடியில் தெரியாது. தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் நீர் போய் முழுதும் போய்விடும். இன்ஷூரன்ஸுக்குப் படமெடுத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு என்ன செய்வது?

எல்லோரும் மழையைப் பற்றியே கேட்கிறார்கள். எங்களுக்கு அதிகம் அடிபட்டது வடிந்த பிறகுதான்.

மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நனைந்த சுவிட்ச் போர்டு வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், எலக்ட்ரீசியன் பார்த்த பிறகுதான் கரண்ட். ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். தரைத்தள வீடுகளில் கழிப்பறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வரும். ஒரு சாக்கில் மணல் கட்டிக் கோப்பையின் மேல் அழுத்தி வைத்தால் பெருமளவு தடுக்கலாம். இதை மட்டும் 2015இல் யாராவது சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் அழுதுகொண்டே தரையைக் கழுவியிருக்க மாட்டேன்.

பாம்பு அலமாரிக்குள்ளும் மடித்த பாய்க்குள்ளும் ஒதுங்கியிருக்கும். கம்பால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். வெள்ளம் வடிந்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "தண்ணீரில் நடந்தேன்" என்று மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். வயிற்றுப்போக்கானால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி.

கிணற்றை இறைத்துச் சேறெடுத்த பிறகு பிளீச்சிங் பவுடர். தெளிந்த நீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்பது கணக்கு. இரண்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீரும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 9400 லிட்டர், அதற்கு 24 கிராம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இன்னும் கூடத் தேவைப்படும். பவுடரை நேராகக் கொட்டாமல் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லையென்றால் மறுபடி. சுகாதார ஆய்வாளர் வந்தால் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சில வாரங்கள். நாடே நிலைகுலைந்து போனால்?

அதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, பக்கத்தில் நடந்திருக்கிறது. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாட்கணக்கில் வரிசை, வரிசையிலேயே மனிதர்கள் செத்தார்கள். காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வு தள்ளிப்போனது. செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 70 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. வீட்டுத்தோட்டம் போடுவதற்கென்றே அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள்.

அப்போது அக்கா தினமும் யாழ்ப்பாணத்துக்குப் பேசுவார். அங்கிருந்த உறவினர்கள் கொழும்புக்காரர்கள் அளவுக்குத் திகைக்கவில்லை. கயிறும் வாளியும் போட்ட கிணறு, சைக்கிள், முருங்கை, மரவள்ளி, நாலு கோழி, விறகு. தொண்ணூறுகளில் பழகியதைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டார்கள். கையிலிருந்த ரூபாய் கரைந்தது, முருங்கை கரையவில்லை. நீண்ட நெருக்கடிக்கு என்னுடைய யோசனையும் இதுதான்: மோட்டார் வைத்தாலும் கிணற்றின் ராட்டினத்தைக் கழற்றாதீர்கள். தொட்டியிலாவது கீரை போடுங்கள். ஒரு சைக்கிள் ஓடும் நிலையில் இருக்கட்டும். ஊரில் ஒரு துண்டு நிலமோ உறவோ இருந்தால் அந்தத் தொடர்பை விடாதீர்கள்.

சேர்த்து வைப்பது பதுக்கல் ஆகாதா?

எப்போது வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆவணியில் ஒரு கிலோ அவல் கூடுதலாக வாங்கினால் யாருக்கும் குறையாது. சிவப்பு எச்சரிக்கை வந்த மாலையில் ஆறு பிரெட் வாங்கினால் ஐந்து வீட்டுக்குக் குறையும்.

பசியில் திரியும் மக்களிடமிருந்து வீட்டைக் காக்க வேண்டாமா? ஆயுதம்?

இந்தக் கேள்வி வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வருகிறது. கேட்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். 2015இல் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி நகரத்துக்குள் கொண்டுவந்து முன்பின் தெரியாதவர்களைக் கரையேற்றினார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் திறந்திருந்தன, எல்லாவற்றிலும் அண்டா ஏறியது. எங்கள் மாடிக்குச் சாம்பார் சாதம் கொண்டுவந்த பையன்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போங்கள், நகையை உடன் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இதில் செலவிட என்னிடம் நேரமில்லை.

கையில் அதிகம் பணமில்லை. எதில் தொடங்குவது?

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வேலை. மூடி உள்ள இரண்டு 20 லிட்டர் கேன்களைக் கழுவி நிரப்புங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரைச் சீட்டு நகல்களை ஒரு ஜிப் உறையில் போட்டு, டார்ச்சும் ஒரு செட் துணியும் சேர்த்துப் பழைய பள்ளிப் பையில் வையுங்கள். பிறகு தெருவில் இறங்கி நடந்து, யார் தனியாக இருக்கிறார்கள், யாரால் படியேற முடியாது, யாருக்கு மாடி இருக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் தெரு நோட்டில் இப்போது 43 வீடுகள். ஆறாம் எண் வீட்டுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேற இரண்டு பேர் பெயர் எழுதியிருக்கிறோம். ஒருவர் வெளியூர் போனால் இன்னொருவர்.